இரண்டில் ஒரு பெயர்

வண்டியை ஓட்டாமல், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலை மட்டும் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வாழ்நாளைக் கழித்துவிட்டால், அவர் எங்கேயாவது போனார் என்று சொல்ல முடியுமா?

மாஸ்டரின் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே இந்தக் கேள்வி உண்டு. வார்த்தைகள் மட்டும் வேறு. "அப்பா, தினமும் கார்லயே போறீங்களே, எங்க போறீங்க?" என்று கேட்பாள். "எங்கயும் இல்ல கண்ணு. சுத்திட்டு வர்றேன்," என்பார். அது உண்மைதான். டிரைவிங் ஸ்கூல் வாசலில் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பழைய பஸ் டெப்போவின் மதில் ஓரமாக ரிவர்ஸ் எடுக்க வைத்து, மேட்டில் நிறுத்தி கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்லி, மறுபடி ஸ்கூல் வாசல். அடுத்த ஆள் ஏறுவார். மறுபடி தண்ணீர்த் தொட்டி.

அந்தக் காரில் இரண்டு பிரேக். கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் ஒன்று. பயந்து பயந்து அதை மிதிக்கும் மாஸ்டர்களை அவருக்குப் பிடிக்காது. சீக்கிரம் மிதித்தால், பழகுகிறவருக்குத் தன் தப்பு என்னவென்றே தெரியாமல் போய்விடும் என்பார். கடைசிக் கணம் எது என்று கண்டுபிடித்து, அதுவரை பொறுத்திருந்து, அந்தக் கணத்தில் மிதிப்பதுதான் தொழில். மகளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் குப்பை லாரி ஒன்று திடீரென்று நிற்க, அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, லாரியின் பின்பக்கம் கண்ணாடி முழுக்க நிறைந்து வந்தது. அவள் கத்திய பிறகுதான் கார் நின்றது. அவர் நிதானமாகக் கேட்டார்: "இப்ப சொல்லு. நீ எதைப் பார்க்கல?" ஒரு வாரம் அவரோடு அவள் பேசவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்த எந்த வண்டியும் எதிலும் இடித்ததில்லை என்பதையும் அவள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவருடைய மனைவி பல் செட் செய்பவர். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, ஒரு பல் லேபின் பின்பக்க அறையில் மெழுகை உருக்கி, ஈறு கட்டி, பல் பதிப்பார். லேபில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. யாருடைய வாய்க்காகச் செய்கிறாரோ அந்த முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. "கல்யாண வீட்டுல யாராவது வாய்விட்டுச் சிரிச்சா, முகத்தைப் பார்க்க மாட்டேன், நம்ம சரக்கான்னுதான் பார்ப்பேன்," என்பார். புருஷன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதைப் பார்த்து, அவருக்கும் ஒரு உறை செய்து கொடுத்திருந்தார். "உங்க அப்பா தூக்கத்துலயும் யாரையோ நிறுத்திட்டே இருக்காரு," என்பார் மகளிடம்.

கப்பல் யோசனையும் அவருடையதுதான். மாஸ்டர் ஓய்வு பெறும் மாதத்துக்கு, ஒரு வாரக் கடல் பயணம், ஜன்னல் வைத்த இருவர் அறை, முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. கேட்டபோது மாஸ்டர் திகைத்துப்போனார்.

"கப்பல்ல என்னத்த பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுக்குத்தான் போறோம்."

"ஒரு வாரமா?"

"அங்க பிரேக்கே கிடையாதாம். இந்தக் கால் என்ன பண்ணுதுன்னு நான் பார்க்கணும்."

மகள் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார், ஆனால் சோபாவில் உட்கார்ந்திருந்த அவருடைய வலது கால் லேசாகத் தரையை அழுத்தியதை இருவரும் பார்த்தார்கள்.

பல்லக்காவுக்கு முதலில் வந்தது அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு. லேபில் ஏதோ புதுப் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். பிறகு கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. ரத்தம், ஸ்கேன், இன்னொரு ஸ்கேன். மகள் ஒரு அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து செய்யலாம் என்பதால் அம்மாவோடு வந்து தங்கினாள். பயணக் கம்பெனியின் நிபந்தனைகளை முதலில் படித்ததும் அவள்தான். ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் ரத்து செய்தால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது.

"அப்பா, கேன்சல் பண்ணிடலாம்."

"இரு. ரிசல்ட் வரட்டும்."

ரிசல்ட் வந்தது. கணையத்தில் கட்டி.

"அப்பா, இன்னும் அஞ்சாறு நாள்தான் இருக்கு."

"இன்னொரு டாக்டர் பார்க்கட்டும்."

இன்னொரு டாக்டரும் பார்த்தார். அவரும் அதையே சொன்னார், கொஞ்சம் மெதுவான குரலில்.

"அப்பா."

"மருந்து ஆரம்பிச்சிருக்காங்கல்ல? பொறு. எனக்குத் தெரியும் எப்பன்னு."

அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு மருந்து பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கடந்துபோனது. நோயால் பயணம் நின்றுபோனால் என்று எடுத்திருந்த இன்சூரன்சும் கைகொடுக்கவில்லை. நோய் தெரிந்தவுடனே சொல்லியிருக்க வேண்டுமாம். மகளுக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் கோபப்பட ஏதுமில்லை. ரத்து செய் என்று சொல்வது, மனைவி வர மாட்டாள் என்று சொல்வதுதான். அதைக் கடைசிக் கணம் வரை சொல்லாமல் இருப்பது அவருடைய தொழில் பழக்கம். லாரியின் பின்பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் அளந்து சொல்லும். இந்த மாதிரி நோய்க்கு அப்படி அளக்க ஒரு பின்பக்கம் கிடையாது. அது அவருக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

ஆனாலும் அவளே அவரைப் பயணக் கம்பெனிக்கு அழைத்துப்போனாள். செல்போன் கடைக்கு மேல் மாடி. சுவர் முழுக்கக் கப்பல் படம், அதன் உச்சியில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் நீலக் குழாய். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. திரையைப் பார்த்துப் பார்த்துத் தேடினாள்.

"சார், கேன்சல் பண்ண முடியாது. ஆனா ஒரு பேரை மாத்தலாம்."

"ரெண்டையும் மாத்திடுங்க," என்றாள் மகள். "யாராவது போகட்டும்."

"ரெண்டும் முடியாது மேடம். புக் பண்ணின ரெண்டு பேர்ல ஒருத்தர் கட்டாயம் போகணும். இன்னொருத்தர் பேரை மட்டும்தான் மாத்த முடியும். டிக்கெட்டை விக்கிறாங்கன்னு இப்படி வெச்சிருக்காங்க."

"அவங்க வர முடியாதும்மா," என்றார் மாஸ்டர்.

"அப்ப நீங்க போகணும் சார்."

"நான் போனா அவளை யார் பார்க்கறது?"

அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் அதைக் குடித்துவிட்டு எழுந்தார். படியிறங்கும்போது, "விட்டுடலாம். போனது போகட்டும்," என்றார். மகளும் சரி என்றாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

முடியவிடாதவர் பல்லக்கா. தலையணையில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். கண்ணும் தோலும் பழுத்த இலை நிறமாகியிருந்தன, பேச்சு மட்டும் பழைய பேச்சு.

"விட்டுடலாமா? ஊர்ல இருக்கற பொக்கை வாய்க்கெல்லாம் பல்லு கட்டின காசுல வாங்கின டிக்கெட்டு. சும்மா விட்டுடுவீங்களா?"

"நீ இல்லாம நான் எங்க போறது?"

"கடலுக்கு."

மறுநாள் மாஸ்டர் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அம்மாவே பயணக் கம்பெனிக்குப் போன் போட்டார். மூச்சு வாங்க வாங்க, தன் பெயரை எடுத்துவிட்டுத் தன் அண்ணன் பெயரைப் போடச் சொன்னார். மகள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தடுத்திருக்கலாம். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வேலை செய்யும் களை அந்த மாதங்களில் வந்ததே இல்லை. அதனால் தடுக்கவில்லை.

மாஸ்டர் வந்ததும் சொன்னார்கள்.

"நான் போகல," என்றார்.

"டிக்கெட்ல உங்க பேர் இருக்கு."

"பேர்தானே? பேர் போயிட்டு வரட்டும்."

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, மாஸ்டர் ஓடிப்போய் முதுகைத் தாங்கிப் பிடித்தார். அப்போதைக்குப் பேச்சு அடங்கியது.

ஏன் போகச் சொல்கிறார் என்பதற்கு அம்மா ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார். மகளிடம், கட்டின பணம் வீணாகக் கூடாது என்றார். அண்ணனிடம், அவர் ஒரு வாரம் நன்றாகத் தூங்கட்டும் என்றார். புருஷனிடம் சொன்ன காரணத்தை மகள் தற்செயலாகத்தான் கேட்டாள். பக்கத்து அறையில் அச்சுத் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள், நடுவில் ஒரு மரத் தடுப்புதான்.

"நான் ஸ்பூனைத் தூக்கினா நீங்க தரையை மிதிக்கிறீங்க."

"இல்லியே."

"மிதிக்கிறீங்க. எழுந்து பாத்ரூம் போனா மிதிக்கிறீங்க. தூங்கிட்டிருக்கும்போதும் பார்த்துட்டே இருக்கீங்க. எனக்குத் தெரியுது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், யாரும் என்னைப் பார்க்காம நான் கிடக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

மாஸ்டரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல," என்றார் அம்மா.

மகள் கையிலிருந்த பக்கத்தை மூன்று முறை படித்தாள். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியை அம்மா கட்டிலிலிருந்தே சொல்லிச் சொல்லி மகளை அடுக்க வைத்தார். மாஸ்டர் கட்டிலருகே நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஜன்னலைப் பார்த்து உட்காரப் பழகினார். அது ஒரு பரிதாபமான முயற்சி. ஒவ்வொரு இருமலுக்கும் தலை தானாகத் திரும்பிவிடும்.

அம்மாவின் அண்ணன், மகளுக்கு மாமா, வந்தார். பெரிய லாட்ஜ் ஒன்றில் மேனேஜர், மனைவியை இழந்தவர், எங்கே போனாலும் சத்தம் முன்னால் போகும். மாஸ்டருக்காகப் பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கி வந்திருந்தார், கிளிப் பச்சையில்.

"போட்டுப் பாருங்க மாப்ளே. கப்பல்ல எல்லாரும் இப்படித்தான் திரிவாங்களாம்."

"உங்களுக்கு வாங்கிக்கங்க மச்சான்."

"எனக்கும் வாங்கியிருக்கேன், சிவப்புல. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா சிக்னல் மாதிரி இருப்போம்."

"மஞ்சளுக்கு நான் இருக்கேன்," என்றார் கட்டிலில் இருந்து அம்மா.

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மா மட்டும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மகள் குப்பை போடக் கீழே இறங்கியபோது, மாமா படிக்கட்டின் திருப்பத்தில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். இவளைப் பார்த்ததும், "குறட்டை விடுவேன்னு உங்க அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடணும்," என்றார் கண்ணைத் துடைத்தபடி.

கிளம்புவதற்கு முந்தைய நாள், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் வந்தார். நாடி பார்த்து, வலி மருந்தின் அளவைக் கூட்டிவிட்டு, வாசலில் நின்று மகளிடமும் மாஸ்டரிடமும் சொன்னார்: "வாரக்கணக்குலயும் இருக்கலாம், நாள் கணக்குலயும் இருக்கலாம். என்னைக் கேட்டா, சொல்ல முடியாது." நர்ஸ் இன்னும் ஏதோ சொல்வார் என்பதுபோல மாஸ்டர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போனதும் அம்மா கேட்டார், "என்ன சொன்னா? நாளைக்கே செத்துடுவேன்னா?"

"அப்படிச் சொல்லல."

"அப்ப கிளம்புங்க. ஒரு வாரம் தாக்குப் பிடிச்சுக்கறேன். நீங்க வர்றதுக்குள்ள போயிட்டா என்னை வந்து கேளுங்க."

மறுநாள் காலை மாமா காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கப்பல் மத்தியானம் கிளம்பும், அதற்குள் துறைமுகம் போக வேண்டும். மாஸ்டர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஷூ மாட்டியிருந்தார். பச்சைச் சட்டை பெட்டிக்குள் இருந்தது. ஷூவைப் போட்டுக்கொண்டார் என்பதாலேயே அவர் போகிறார் என்று மகள் அனுமானித்தாள். வாயால் அவர் அப்போதும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவள் சமையலறையில் மாத்திரையைப் பொடித்து வெந்நீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தோடு அறை வாசலுக்கு வந்தபோது மாஸ்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி, பிறகு மெல்லத் திரும்பி புருஷனின் முகத்துக்கு வந்தது. போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்து அவர் சட்டையின் கீழ்ப் பொத்தானைப் பிடித்தது.

"போகாதீங்க," என்றார்.

மிகச் சின்னக் குரல். ஆனால் தெளிவான குரல். மருந்து மயக்கத்தில் உளறியது என்று சொல்லிவிட முடியாது. இத்தனை வாரமாக அந்தக் கட்டிலில் பேசிக்கொண்டிருந்தவர் அல்ல அப்போது பேசியது. அல்லது, அதுவரை பேசியது அவர் அல்ல. மகள் கிண்ணத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கீழே மாமா ஹாரன் அடித்தார். ஒருமுறை, லேசாக.

மாஸ்டர் பக்கத்து மேஜையிலிருந்த பஞ்சைத் தண்ணீரில் தொட்டு மனைவியின் உதட்டை நனைத்தார். அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை. பிறகு பொத்தானைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்தார். குனிந்து ஏதோ சொன்னார். சொன்னாரா, வெறுமனே முகத்தை அருகே கொண்டுபோனாரா என்பது மகளுக்குத் தெரியாது. எழுந்தார். வாசலில் நின்ற மகளைத் தாண்டிப்போகும்போது, "மருந்தை ஆறவெச்சுக் குடு," என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது.

அம்மா அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கேட்கவில்லை. வலி குறைந்த நேரங்களில் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். மகள் உள்ளே வந்தால், "நீ உன் வேலையைப் பாரு," என்று அனுப்பிவிடுவார். நாலாம் நாள் பிற்பகலில், மகள் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்த சமயத்தில், அறையில் யாரும் இல்லாதபோது இறந்துபோனார்.

கப்பல் அப்போது நடுக்கடலில். செய்தி மாமாவுக்கு இரவுதான் கிடைத்தது. அடுத்த துறைமுகத்தில் இறங்கி, விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் மேலும் ஒரு நாள் போய்விட்டது. அதுவரை உடல் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருந்தது. மாஸ்டர் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். மனைவியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். தடுக்க யாருமில்லாததால் வேண்டிய மட்டும் பார்த்தார்.

பேச்சு எழாமல் இருக்குமா? பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது கப்பலேறி உல்லாசமாகப் போனவன் என்றார்கள். டிரைவிங் ஸ்கூலில் கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்து, காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். லேபிலிருந்து வந்த பெண்கள் அவரைப் பார்த்துப் பேசவே இல்லை, மகளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளே போகச் சொன்னாள், அவளே என் பெயரை விட்டுவைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் வாயை மூடியிருப்பார்கள். மாஸ்டர் சொல்லவில்லை. மாமா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கூடத்தில் கத்தினார்: "என் தங்கச்சிதான் அனுப்பினா! யாருக்கு என்ன தெரியும்?" மாஸ்டர் நிமிர்ந்து, "விடுங்க மச்சான்," என்றார். அவ்வளவுதான்.

கப்பலில் அவர் என்ன செய்தார் என்று மகள் மாமாவிடம் கேட்டாள்.

"தூங்கினாரு," என்றார் மாமா. "நம்ப மாட்டே. நான் பேசிட்டே இருப்பேன், அவரு தூங்கிட்டே இருப்பாரு. ஒரே ஒரு தடவை மேல்தளத்துக்கு வந்தாரு. அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு. எனக்காகப் போட்டாரோ என்னவோ."

இரண்டு விளக்கங்கள் மகளுக்குத் தோன்றின. ஒன்று, பல வாரங்கள் யோசித்துச் சொன்னதை, ஒரு காலையின் பலவீனத்தில் சொன்னதைவிட அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பது. இன்னொன்று, அவரால் அந்த அறையில் இருக்க முடியவில்லை, கதவு திறந்திருந்தது, போய்விட்டார் என்பது. முதலாவது அவருக்குச் சாதகமானது என்பதாலேயே அவள் அதைச் சந்தேகித்தாள். இரண்டாவதை நம்பவும் முடியவில்லை. விரல்களை அவர் பிரித்த விதத்தை அவள் பார்த்திருந்தாள். தப்பி ஓடுகிறவர்கள் அவ்வளவு மெதுவாகப் பிரிப்பதில்லை. அல்லது அப்படிப் பிரிப்பவர்களும் இருக்கலாம்.

ஒரே ஒரு முறை கேட்டாள். வருஷம் திரும்பியிருந்தது. மாஸ்டர் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னிக்குக் காலையில நான் வாசல்லதான் நின்னேன். அம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

மாஸ்டர் குழாயை மூடினார். தெரியாததுபோல் நடிப்பார், அல்லது அம்மாவுக்கு அப்போது நினைவே இல்லை என்பார், அல்லது அழுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கையில் இருந்த தட்டைப் பார்த்தபடி, "ஆமா. போகாதீங்கன்னு சொன்னா," என்றார்.

"அப்புறம் ஏன்..."

அவர் குழாயைத் திறந்து அடுத்த பாத்திரத்தை எடுத்தார். அதன் பிறகு அவர் பல வருஷம் இருந்தார். மகளும் அவரும் எத்தனையோ பேசினார்கள். இதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.